தென்பெண்ணை என்று எழுதிய சுவர்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் படம் வரையும் இளைஞர்கள் பலர் இருந்தும், அவர்களுடைய வேலையைச் சொந்த ஊர்க்காரர்கள் நேரில் காண ஓரிடம் இல்லையே என்ற குறை எனக்கு நெடுநாளாக இருந்தது. நூல்களுக்குப் படம் வரைபவர்கள், தமிழ் எழுத்துகளை வடிவமைப்பவர்கள், சுவரில் வரைபவர்கள் எனப் பதினொரு பேரைச் சேர்த்து, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சிறு மண்டபத்தில் இரண்டு நாள் காட்சியும், அருகில் ஒரு சுவரோவியமும் நடத்தி முடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. வரைந்தவர் பெயர் படைப்போடு இருக்க வேண்டும், சுவரில் வேலை செய்பவருக்கு நாட்கூலி தர வேண்டும் என்ற இரண்டை மட்டும் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டோம்.

படைப்புகளைத் திரட்டுவது எளிது என்று நான் எண்ணியது தவறு. ஏ3 தாளில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தெளிவோடு அச்சிட 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவையோ சுருங்கி வந்தன. ஒவ்வொருவரிடமும் மூலக் கோப்பை மறுபடி கேட்டு வாங்கினேன். திரையில் பளிச்சென்றிருந்த பச்சையும் நீலமும் அச்சில் மங்கியதால், ஓர் ஓரத்தை மட்டும் முதலில் அச்சிட்டுப் பார்த்து, நிறத்தைத் திருத்திய பிறகே முழுப்படத்தையும் அச்சிட்டோம். மல்லப்பாடிப் பாறை ஓவியங்களின் வெண்ணிறக் கோடுகளைப் பார்த்துப் பழகிய ஓர் இளைஞர் கறுப்புத் தாளில் வெள்ளை மையால் வரைந்து தந்த படங்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றை அப்படியே சட்டமிட்டு மாட்டினோம்.

சுவர் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருப்பதால், விளம்பரமோ கட்சிச் சின்னமோ இடம்பெறாது என்று மனுவில் தெளிவாக எழுதி, வரைபடத்தையும் இணைத்திருந்தேன். ஆயினும் ஓர் அலுவலகத்தில் அந்த மனு மேசை மாறி மேசையாக ஆறு வாரம் சுற்றியது. கடைசியில் மாங்காய் மண்டி நடத்தும் ஒருவர் தம் கிடங்குச் சுவரைத் தந்தார். அவரிடம் எழுத்துமூலம் சம்மதம் பெற்ற பின்னரே சாரம் கட்டினோம். உதிர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டி, விரிசல்களுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்துக் காயவிடவே மூன்று நாள் போயிற்று. அவசரப்பட்டு இதைக் குறைத்திருந்தால் ஒரே மழைக்காலத்தில் வண்ணம் உரிந்திருக்கும்.

இருபத்துநான்கு அடி நீளமும் பத்தடி உயரமும் கொண்ட அந்தச் சுவரில் ‘தென்பெண்ணை’ என்ற சொல்லை எழுத ஓசூரிலிருந்து வந்த பெண் வடிவமைத்திருந்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலமாகத் தாளில் கட்டமிட்டு, சுவரில் நூல் அடித்து 240 கட்டங்களாகப் பிரித்துக் கொடுத்தவர், பிளெக்ஸ் வந்த பிறகு பலகை எழுதும் வேலையை விட்டுவிட்ட ஒரு பெரியவர். முதல் நாள் மாலை அவர், “சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாரும்மா, ணகரத்துச் சுழியெல்லாம் அடைஞ்சு போச்சு” என்றார். தாளில் அழகாக நெருங்கியிருந்த சுழிகள் தொலைவிலிருந்து கறுப்புப் பொட்டுகளாகத்தான் தெரிந்தன. மறுநாள் விடியற்காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன், அந்தப் பெண் ஒவ்வொரு சுழியையும் அகலப்படுத்தினார்.

கடைசி எழுத்தில் இன்னொரு பேச்சு எழுந்தது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணகர ஐகாரத்தை யானைத் துதிக்கை போன்ற வளைவோடுதான் எழுதுவார்கள். அந்தப் பெரியவர் தூரிகை பிடித்துப் பழகியதும் அந்த வடிவில்தான். “அதையே நீங்க எழுதுங்க ஐயா” என்று தூரிகையை அவரிடம் கொடுத்துவிட்டார் அந்தப் பெண். சொல்லின் மற்ற எழுத்துகள் புதிதாகவும், இறுதி எழுத்து பழைய வடிவிலும் நிற்பதை, காட்சிக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார்கள்.

சுவரின் அடியில் நான்கு அங்குல உயரத்தில் பெயர் எழுதும்போது பெரியவர் தயங்கினார். எத்தனையோ கடைப் பலகைகள் எழுதியும் தம் பெயரை ஒன்றிலும் எழுதியதில்லை என்றார். கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில், தம் பெயரையும் எழுதி முடித்தார்.