மேல் சிலிண்டர்

2024 செப்டெம்பர் 2, திங்கள்

போட் இஞ்சினைக் கழற்றி மட்டக்குளியில் மெக்கானிக் பாஸ் வீட்டில் போட்டாச்சு. முகத்துவாரத்திலிருந்து ஓட்டோவின் பின்சீட்டில் குறுக்கே கிடத்தி, சாக்கால் மூடி, தண்ணீருக்குள் நிற்கிற அதன் கால் ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நான் முன்னால் ஓட்டோக்காரரோடு ஒட்டிக்கொண்டு போனேன். "மையத்துக் கொண்டுபோற மாதிரியல்லவா இருக்கு" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாஸ் பிளைவீலைக் கையால் திருப்பிப் பார்த்தார். கால் சுற்று வந்தது, நின்றது. கட்டையை வைத்து நெம்பினார். உள்ளே கரகரவென்று ஓர் உரசல், பிறகு ஒரு மாதிரி விட்டுக்கொடுத்தது. பிளக் இரண்டையும் கழற்றி, அமுக்கம் பார்க்கிற மீட்டரைப் பூட்டி இழுத்தார். கீழ்ச் சிலிண்டர் 110. மேல் 40. இரண்டும் பத்துப் பதினைந்து வீதத்துக்குள் இருக்கவேண்டியவை.

"மேல் பிஸ்டன் பிடிச்சிருக்கு மல்லி" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

எவ்வளவு வரும் என்று கேட்டேன். திறக்காமல் சொல்ல மாட்டாராம். நல்ல மனிதர்தான், ஆனால் இப்படிப்பட்ட நல்லவர்களோடு இரவில் நித்திரை வராது.

செப்டெம்பர் 3, செவ்வாய்

கொச்சிக்கடை. மெழுகுதிரி ஏற்றினேன், ஒன்றும் கேட்கவில்லை. அந்தோனியாரிடம் காணாமல் போனதைத்தான் கேட்பார்கள். இது காணாமல் போனதில்லை.

செப்டெம்பர் 6, வெள்ளி

அடிக்காலைத் திறந்தார். இஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் உள்ளங்கையில் அடங்கிற ஒரு இறப்பர்ப் பூ. அதன் ஆறு இதழில் நான்குதான் மிச்சம். அவையும் ஒரே பக்கமாக வளைந்து இறுகி, நகத்தால் அழுத்தினால் பழைய செருப்பு மாதிரி வெடிக்கின்றன. உடைந்த இரண்டும் மேலே போகிற குழாயில் அடைந்து கிடந்தன. பாஸ் கம்பியால் தோண்டி எடுத்து, ஒன்றும் சொல்லாமல், பேப்பரில் வைத்து என் முன்னால் தள்ளினார்.

மச்சான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற கதை வேறு. மழைக்குப் பிறகு களனி கங்கை வாயில் மிதந்த ஷொப்பிங் பேக் ஒன்று வந்து காலில் சுற்றியது, தண்ணீர் இழுக்கவில்லை, சூடேறிப் பிடித்தது. பொய்யில்லை. அந்த இரவு இஞ்சின் காலைத் தூக்கியபோது நீலப் பை ஒன்று தொங்கியதை நானும் பார்த்தேன். ஆனால் நல்ல இம்பெல்லர் என்றால் அதற்கு முன்பே தண்ணீர் மெலிந்திருக்காதே. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றவேண்டிய சாமான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87இலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது இது பிறகு பார்க்கலாம், அது பிறகு பார்க்கலாம் என்று தள்ள ஆரம்பித்தேன். விலை இறங்கிய பிறகும் தள்ளுகிற பழக்கம் இறங்கவில்லை.

சிலிண்டர் மூடியான ஹெட்டின் போல்ட் ஒன்று உப்பில் இறுகி, திருப்பும்போது கழுத்தோடு முறிந்தது. அதைத் துளைத்து எடுக்க இன்னொரு நாள்.

செப்டெம்பர் 7, சனி

மச்சான் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

செப்டெம்பர் 9, திங்கள்

ஹெட் கழன்று வந்துவிட்டது. மேல் பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி, சிலிண்டர் சுவரில் அலுமினியம் வெள்ளிக்கோடாக இழுபட்டிருக்கிறது. இது எதிர்பார்த்ததுதான். பாஸ் பிஸ்டன் தலையில் இருந்த கரியைத் துணியில் பெற்றோல் தொட்டுத் துடைத்தார். துடைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

0.50.

சிலிண்டர் கீறினால் துளையைக் கால் மில்லிமீற்றர் பெரிதாகக் கடைந்து ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடலாம். அடுத்த தரம் அரை மில்லிமீற்றர். இதற்கு அதோடு கணக்கு முடிகிறது. என் இஞ்சின் என்னிடம் வருமுன்பே அந்தக் கடைசிப் படியில் ஏறி நின்றிருக்கிறது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த பிறகு வந்த நட்டஈட்டுக் காசில் வாங்கியது. விற்ற ஆள் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லையே தவிர, "கை படாத இஞ்சின் அண்ணே" என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரத்திலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

செப்டெம்பர் 12, வியாழன்

பஞ்சிகாவத்தை. காலையில் போனவன் இரண்டு மணிக்குத்தான் தேத்தண்ணி குடித்தேன்.

புது யமஹா விலையை இங்கே எழுதப் போவதில்லை. பழையதைத் திருத்த பாஸ் சொல்லியிருக்கும் தொகை போல ஐந்து மடங்கு. ஒரு பகுதி கட்டினால் மிச்சத்தை லீசிங்கில் போடலாம் என்று ஒரு தம்பி கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். அடுத்த கடையில் சைனா கொப்பி, அதே உருவம், அதே போல்ட், விலை பாதிக்கும் கீழே. "இரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும்" என்றார் முதலாளி. கண்ணை மூடிக்கொண்டு ஓட எனக்கு இஞ்சின் வேண்டாம். பிறகு ஜப்பான் றீகண்டிஷன் என்று ஒரு மூலையில் வரிசையாக நிற்பவை. பெயின்ற் பளபளக்கிறது. ஹெட்டைத் திறந்து பிஸ்டன் தலையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

பாஸ் சொல்கிற வழி நான்காவது. சிலிண்டரைப் பெரிதாகத் துளைத்து உள்ளே லைனர் என்கிற புது உறையை இறக்கி, முதல் அளவு பிஸ்டனிலிருந்து திரும்பத் தொடங்குவது.

மனிசி புது இஞ்சின் என்கிறாள். காப்பு இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தாள். சத்தமே இல்லாமல்தான் வைத்தாள்.

செப்டெம்பர் 17, செவ்வாய்

நேற்று நபிகள் பிறந்தநாள், இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு. இஞ்சின் பாஸ் வீட்டுத் தாழ்வாரத்தில் தலையில்லாமல் கிடக்கிறது.

செப்டெம்பர் 19, வியாழன், இரவு

நித்திரை வரவில்லை. எழுதினால் வருமோ தெரியாது.

இஞ்சின் நின்ற அந்த இரவு வலை பாதி இழுத்திருந்தோம். இஞ்சினின் பக்கத்துத் துளையால் பிள்ளை மூத்திரம் பெய்கிற மாதிரி அடிக்கிற தண்ணீர் நூலாக மெலிந்திருந்தது. கண்டேன். வலையை இழுத்துவிட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். இதை மச்சானிடம் சொல்லவில்லை, மனிசியிடமும் சொல்லவில்லை. இழுத்து முடித்துத் திரும்பிப் பத்து நிமிஷம் ஓடியிருக்கும். ஒரு கீச்சொலி, பெயின்ற் கருகிற மணம், அதற்குப் பிறகு அலையின் சத்தம் மட்டும்.

துறைமுகத்துக் கிரேன் விளக்குகள் எல்லாம் தெரிந்தன. கொழும்பு முழுக்கக் கண்முன்னால் எரிகிறது, நாங்கள் அதற்குப் போக முடியவில்லை. போனில் அண்ணனைப் பிடித்தேன், வருகிறேன் என்றார். அதற்குள் நீரோட்டம் எங்களைக் கப்பல் வருகிற பாதைக்கு இழுத்துவிட்டது. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் சேர்ந்து தெரிந்தால் கப்பல் நேரே உன்னைப் பார்த்து வருகிறது என்று அப்பா சொல்லித் தந்தது பத்து வயதில். அன்று இரண்டும் தெரிந்தன. மச்சான் டோர்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்தான். அந்த உயரத்திலிருந்து எங்கள் டோர்ச் மின்மினி அளவுகூட இராது. கடைசியில் சிவப்பு மறைந்தது, பச்சை மட்டும் நின்றது. அது எங்களைத் தாண்டிப் போனபோது அதன் இஞ்சின் என் நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்தது. எவ்வளவு பெரிய இஞ்சின், எவ்வளவு நிதானமாக ஓடுகிறது என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

ஐந்து மணி நேரம். மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டெம்பர் 22, ஞாயிறு

பகல் பன்னிரண்டு மணி வரை ஊரடங்கு. ஜனாதிபதித் தேர்தலில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கையும் எண்ணுகிறார்களாம். எனக்கும் இஞ்சின் விஷயத்தில் முதல் விருப்பம் வெல்லாது போலிருக்கிறது.

செப்டெம்பர் 25, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

லீசிங் கடதாசியைக் கொண்டுவந்து மனிசியிடம் கொடுத்தேன். நான் சம்மதித்துவிட்டேன், இனிச் சண்டை இல்லை என்ற நினைப்பில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். மாதத் தவணை என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"மே மாதம் எத்தனை நாள் கடலுக்குப் போனீங்கள்?"

பதினொரு நாள் என்றேன்.

"ஜூனில்?"

சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், மீன் காசு அவளிடம்தான் வருகிறது.

"அப்ப இந்தக் காசைக் கட்ட, காற்று அடிக்கிற நாளிலும் போவீங்கள். தவணைக்காரன் கச்சான் காற்றைப் பார்ப்பானா?"

மூன்று வாரமாகப் புது இஞ்சின்தான் பாதுகாப்பு என்று சொன்னவள் இவள். நானும் அப்படித்தான் நினைத்தேன். செலவுதான் தடை என்று மட்டும் கணக்குப் போட்டேன். இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

அப்புறம் அவளுடைய நிபந்தனை. பழையதைச் செய்யுங்கள், ஆனால் காப்புக் காசில் பக்கத்தில் ஒரு சின்ன இஞ்சின் வாங்கிப் பூட்ட வேண்டும், எட்டுக் குதிரைவலுவாவது. அது இல்லாமல் தன் தம்பியை, மச்சானை, அனுப்ப மாட்டாளாம். என்னை அனுப்புவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 1, செவ்வாய்

மீனவருக்கு எரிபொருள் மானியம், லீற்றருக்கு 25 ரூபா. கரையில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. நான் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன், எரிக்க இஞ்சின் இல்லாதவன்.

ஒக்டோபர் 4, வெள்ளி

இன்று எல்லாம் கைவிட்டுப் போகப் பார்த்தது. லைனர் இறக்குவதற்கு முன் புளொக்கின் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார் பாஸ். கேஸ்கெட் உட்கார்கிற இடத்தில், தண்ணீர் வழிக்குப் பக்கத்தில், உப்பு தின்ற குழிகள். சிலிண்டர் விளிம்பு வரை குழி போயிருந்தால் எவ்வளவு செலவழித்தாலும் தண்ணீர் உள்ளே வரும், இரும்புக்கடைதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரல் நகத்தை மெதுவாக இழுத்தார், வெளியிலிருந்து உள்நோக்கி. நகம் இரண்டு இடத்தில் தட்டியது. மூன்றாவது இடம் வழுக்கிக்கொண்டு போனது.

"ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று. அரிசிமணி அகலம் மிச்சம் இருக்கிறது. முகத்தை அரத்தாளில் தேய்த்து மட்டம் பார்த்தால் போதுமாம்.

நானும் என் நகத்தை இழுத்துப் பார்த்தேன். பத்துத் தரமாவது இருக்கும்.

ஒக்டோபர் 9, புதன்

லேத் கடை. லைனரை இரவு முழுக்க ஐஸ்பெட்டியில் வைத்திருந்தார்கள், வெண்பனி பூத்திருந்தது. புளொக்கைச் சூடாக்கி, தடித்த கையுறை போட்ட பையன் லைனரைத் துளைக்கு நேரே பிடித்தான். விட்டான். அடியில் போய் "டொக்" என்று உட்கார்ந்தது. பிறகு அதை அசைக்க முடியாது. இவ்வளவு நாள் கவலைக்கு ஒரு நொடி.

ஒக்டோபர் 13, ஞாயிறு

விடாத மழை. நாளை பள்ளிக்கூடம் இல்லை. களனி மண்ணிறமாகப் பொங்கிக் கடலுக்குள் வெகுதூரம் கரைத்திருக்கிறது, வாழைத்தண்டு, போத்தல், நீலப் பைகள். போட்டை இன்னும் மேலே இழுத்துக் கட்டினோம். மச்சான் வந்தான். கயிற்றைப் பிடித்தான். பைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தண்ணி மெலிஞ்சது உங்களுக்குத் தெரியும்தானே" என்றான்.

ஓம் என்றேன்.

முடிச்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஒக்டோபர் 17, வியாழன்

போயா. பூட்டு. மச்சானும் வரவில்லை.

ஒக்டோபர் 19, சனி

பாஸ் வீட்டு முற்றத்தில் பீப்பாய் நிறைய நல்ல தண்ணீர். இஞ்சினைப் பலகையில் மாட்டி இறக்கினோம். மனிசியும் வந்திருந்தாள், இதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை. பாஸ் பெற்றோலில் இஞ்சினை எடுத்தார். நான்காவது இழுவையில் புகையோடு இருமிக்கொண்டு பிடித்தது. பக்கத்துத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. எண்ணத் தொடங்கினேன். ஏழு, எட்டு. பிறகு துப்பியது, நின்றது, மறுபடி வந்து முற்றத்துச் சுவர் வரை தடிப்பாக அடித்தது.

கால்மணி நேரம் ஓடவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். மனிசி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய் அந்தத் தண்ணீரில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"சுடுதா?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு வார்க்கிற சூடு."

ஒக்டோபர் 21, திங்கள்

முதல் பத்து மணி நேரம் முழு வேகம் கூடாது. ஒயில் இரட்டை மடங்கு. கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பழக்க வேண்டும். சின்ன இஞ்சினையும் பூட்டியாச்சு, செகண்ட்ஹாண்ட். அதன் பிஸ்டன் தலையைப் பார்த்துத்தான் வாங்கினேன். இரண்டு இம்பெல்லர் மேலதிகமாக, பிஸ்கட் டின்னில்.

மச்சானுக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை.

ஒக்டோபர் 22, செவ்வாய், விடிய மூன்றரை

காற்று இல்லை. கேற்றடியில் யாரோ செருமுகிறார்கள்.