ஃபெனிட்டாய்ன் ஏற்றும்போது அவசரம் வேண்டாம்

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் முதலில் வலிப்பை நிறுத்தும் லோராசிபாம் ஊசி. அடுத்துப் பெரும்பாலும் ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மருந்தைச் சிரைவழி ஏற்றுவோம், உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. அறுபது கிலோ நோயாளிக்கு 1200 மி.கி., அதாவது 100 மி.கி. ஆம்பியூல் (சிறு மருந்துக் குப்பி) பன்னிரண்டு.

நார்மல் சலைனில் (உப்புக் கரைசல்) மட்டும் கலக்கவும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) பட்டால் மருந்து படிகமாகிவிடும். அதே லைனில் முன்பு டெக்ஸ்ட்ரோஸ் ஓடியிருந்தாலும் சலைனால் நன்றாகக் கழுவிய பிறகே தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் போகவே கூடாது. மேலே சொன்ன அளவுக்கு 24 நிமிடமாவது ஆகும். முதியவர், இதய நோயாளி என்றால் வேகம் அதில் பாதி. வேகம் கூடினால் ரத்த அழுத்தம் சரியும், இதயத்துடிப்பு தடுமாறும். மருந்து மட்டுமல்ல, அதைக் கரைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் இதற்குக் காரணம். ஈசிஜி மானிட்டர் இல்லாமல் ஏற்றுவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

புறங்கையின் மெல்லிய சிரையைத் தவிருங்கள். மருந்தின் காரத்தன்மை மிக அதிகம். வெளியே கசிந்தால் கை ஊதாநிறமாகி வீங்கும், தசை அழுகவும் கூடும்.

பின்னாளில் கண்மணி துடித்தாலோ, நடை தள்ளாடினாலோ சிறுமூளை பாதிக்கப்படுகிறது, ரத்தத்தில் அளவு மிஞ்சியிருக்கலாம். ரத்தத்தில் மருந்தைப் பிணைத்து வைக்கும் புரதமான அல்புமின் குறைந்தவருக்கு, மருந்தின் மொத்த அளவு வழக்கமான வரம்பான மில்லி லிட்டருக்கு 10–20 மைக்ரோகிராமுக்குள் இருந்தாலும் இது நேரலாம்.