நாலு பேருக்கு மேல் ஏறக்கூடாது

பொங்கலுக்கு வந்த விருந்தாளிகளை நிறுத்தி எடை பார்த்து அனுப்பிய குடும்பம் அரிசோனா மாகாணத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் சாண்ட்லரின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்நேரம் என்ன ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் அந்த டாய் ஹாலரால் வந்தது. பின்பக்கம் கராஜ் வைத்த இழுவை வீடு. மணல்மேட்டில் பைக் ஓட்டுகிறவர்கள், பைக்கையும் உள்ளே ஏற்றிக்கொண்டு போவதற்காக வாங்குவது. எங்கள் வீட்டுக்காரரிடம் ஏற்றுவதற்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. சல்லிசாக வந்தது என்று வாங்கிவிட்டார். பழைய ஓனரின் எண்ணெய்க் கறையும் பெட்ரோல் வாசனையும் இலவசம். பின்னால் ஊரிலிருந்து மாமாவோடு வந்த அத்தை, வாசனை போகட்டும் என்று சாம்பிராணித் தட்டோடு கராஜுக்குள் கால் வைக்க, மாமா போட்ட சத்தத்தில் ஸ்டோரேஜ் யார்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். பைக்குகளுக்கு நிரப்ப வண்டிக்குள்ளேயே ஒரு பெட்ரோல் டேங்க் இருக்கிறதாம்.

ஸ்டோரேஜ் யார்டு எதற்கு என்றால், எங்கள் குடியிருப்புச் சங்கம். வாசலில் ஒரு ராத்திரி வண்டி நின்றதற்கு எச்சரிக்கைக் கடிதம். எதிர்வீட்டு நாய் விடிய விடியக் கச்சேரி செய்கிறது, அதற்கு ஒரு கடிதமும் இல்லை. சரி, அதை விடுங்கள்.

பைக் இல்லாதவருக்கு பைக் ஏற்றுகிற கதவு எதற்கு என்று நான் கேட்டது அவருக்கு உறைத்துவிட்டது. அந்தப் பின்கதவு கீழ்ப்பக்கம் கீல் வைத்தது. முழுக்கச் சாய்த்தால் தரையைத் தொட்டு ஏற்றுபாதை ஆகிவிடும். பாதியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கம்பிவடத்தில் தொங்கவிட்டு, சுற்றிலும் அலுமினியக் கைப்பிடி வைத்தால் எட்டடிக்கு ஏழடியில் ஒரு முற்றம். இதற்கென்றே கிட் விற்கிறார்கள். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்றார்.

அதற்குள் மாமா விமானத்திலிருந்து இறங்கிவிட்டார். நெடுஞ்சாலைத் துறையில் பாலம் பாலமாகக் கட்டி ரிட்டயர் ஆனவர். வந்ததிலிருந்து டி.வி.யையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், அட்டைப்பெட்டியிலிருந்து கம்பிவடம் வெளியே வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கொக்கியை எதுல மாட்டப்போறே?"

"சுவத்துலதாம்பா."

மாமா சுவரை விரல் முட்டியால் தட்டினார். பொத் பொத்தென்றது. மெல்லிய பலகை, நடுவில் தெர்மாகோல், வெளியே ஃபைபர் தோல். "இதுவா சுவரு? அப்பளம்!" உள்ளே இரும்புச் சட்டம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, ஃபிரிட்ஜ் கதவிலிருந்த திருப்பதிப் பெருமாள் காந்தத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். கதவு நிலையோரம் பெருமாளை மெல்ல நகர்த்திக்கொண்டே வர, ஓரிடத்தில் டக்கென்று பிடித்துக்கொண்டார். பென்சிலால் ஒரு குறி. நாலு விரல் கீழே இன்னொரு டக், இன்னொரு குறி. அங்கேதான் துளை போட்டார்கள். அந்தக் கொக்கிகளுக்கு அத்தை இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைக்கிறார்.

அப்புறம் ரசமட்டம். ஆவக்காயோடும் பருப்புப்பொடியோடும் அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார், கேளுங்கள். கதவு மட்டமாக நின்றால் போதாதாம். வெளிப்பக்கம் அரை அங்குலம் வாட்டம் வேண்டுமாம், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கீல் வழியாகக் கராஜுக்குள் இறங்கிவிடுமாம்.

"அப்பா, இது பாலைவனம்."

"தண்ணி உன்னைக் கேட்டுட்டா வரும்?"

அதோடு விட்டாரா? வடத்தை மட்டும் நம்பக்கூடாது, அடியில் முட்டு கொடுக்கணும் என்றார். சவுக்குக் கட்டை எங்கே கிடைக்கும் என்று ஹார்டுவேர் கடை கடையாக விசாரித்து, கடைசியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கினார்கள். மணலில் புதையாமல் இருக்க அதற்கு அடியில் பலகை. சனிக்கிழமை வேலை கார்த்திகையைத் தாண்டி மார்கழிக்குள் போனது. அத்தை ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "சமையக்கட்டுல ஒரு பரண் போட்டுக் குடுங்கன்னு கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கறேன். அதுக்கு மட்டும் இவருக்கு நேரமே வரலை."

பொங்கலுக்கு அடுத்த சனி ஞாயிறு க்வார்ட்ஸைட் போனோம். ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம். ஜனவரியில் அமெரிக்காவின் பாதி இழுவை வீடுகள் அங்கேதான் நிற்கும். ஊருக்கு வெளியே மத்திய அரசு நிலத்தில் பதினான்கு நாள் வரை காசில்லாமல் தங்கிக்கொள்ளலாம். போகிற வழியில் ஹை ஜாலியின் சமாதி. ஹாஜி அலி என்கிற ஒட்டகக்காரர். அமெரிக்க ராணுவம் 1856-ல் ஒட்டகம் இறக்கிப் பார்த்தபோது கூட வந்தவர், 1902-ல் இங்கேயே காலமானார். கல் பிரமிடு, உச்சியில் செம்பு ஒட்டகம். ஒட்டகத்தைப் பற்றி மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை 1935-ல் கட்டியது அரிசோனா நெடுஞ்சாலைத் துறை என்று சொன்னதும்தான், பிரமிடை ஒரு சுற்று சுற்றிவந்து, "கல் இடுக்குல பாயின்டிங் நல்லா பண்ணியிருக்கான்" என்றார். அதன் பிறகு வண்டியில் ஒரே சிரித்த முகம்.

விருந்தாளிகள் வர ஆரம்பித்தபோது முற்றத்தின் படியருகில் ஒரு பலகை, பலகைமேல் எங்கள் பாத்ரூம் எடை மெஷின். மணலில் வைத்தால் சரியாகக் காட்டாதாம். மெஷினுக்கும் ரசமட்டம் பிடித்திருந்தார். கையில் என் மளிகை லிஸ்ட் நோட்டு. கிட்டில் 1,500 பவுண்டு என்று போட்டிருந்ததை முதலில் பாதியாக்கிவிட்டார், பாதுகாப்புக்காக. அதைக் கிலோவாக்கினால் 340 சொச்சம். நாலு பேர், ஒரு குழந்தை. நாங்கள் அழைத்திருந்தது ஆறு குடும்பம்.

"முட்டுதான் குடுத்திருக்கே, மாமா?" என்றேன்.

"முட்டு அவசரத்துக்கும்மா. கணக்கு வடத்துக்கு."

சிவகாசி அக்கா மெஷினைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஏன் மாமா, பொங்கல் சாப்பிட வந்தனா, லக்கேஜ் செக்-இன்னுக்கு வந்தனா?" மாமா உடனே பவ்யமாக, "ஏற வேண்டாம்மா, தோராயமாச் சொன்னாப் போதும்" என்றார். அக்கா ஒரு எண் சொன்னார். மாமா அதோடு 20 சதவீதம் கூட்டி எழுதிக்கொண்டார். எழுதியதை அக்கா எட்டிப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கே நிலவிய அமைதியில் சர்க்கரைப் பொங்கல் கொதிப்பது தனியாகக் கேட்டது.

அக்காவுக்குக் கீலை ஒட்டி நாற்காலி போடப்பட்டது. கீல் பக்கம் இருக்கிறவர்கள் பாரம் கீலுக்குப் போய்விடும், ஓரத்தில் இருக்கிறவர்கள் பாரம்தான் வடத்தை இழுக்கும் என்று மாமா கைகளை நீட்டி மடக்கி விளக்கினார். பரவலாக உட்கார்ந்திருக்கிற கூட்டம் மொத்தமாக ஓரத்துக்கு நகர்ந்தால் வடத்தில் இழுவை இரண்டு மடங்காம். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஷிஃப்ட் போட்டு ஏறினார்கள், இறங்கினார்கள், கீல் இடுக்கில் முந்திரி விழுந்தது என்று குழந்தைகள் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் இறங்க ஆரம்பித்தது. மலைக்குப் பின்னால் வானம் பூராவும் செம்பருத்தி நிறம். அவ்வளவுதான், நோட்டாவது ஷிஃப்டாவது? ஆறு குடும்பமும் மொபைலைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கைப்பிடியோரம் குவிந்துவிட்டது. கீழேயிருந்து மாமா, "கீல் பக்கம் வாங்க! எல்லாரும் கீல் பக்கம்!" என்று கத்துகிறார். செல்ஃபியில் சிரிக்கிறவர்களுக்கு எங்கே கேட்கும்? வடம் விண்ணென்று நின்றது. மாமா குனிந்து முட்டு ஸ்டாண்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் இருக்கிற 62 கிலோவுக்கு அவர் பிடித்து என்ன ஆகப்போகிறது?

ஒன்றும் ஆகவில்லை. கதவு கிறீச்சென்றுகூடச் சொல்லவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு கவனித்தேன். அன்றைக்கு முழுக்க மாமா ஒரு தடவைகூட மேலே ஏறவில்லை. அத்தைதான் சொன்னார், ஊரிலும் இதே கதைதானாம். புதுப் பாலத்தில் முதல் லோடு லாரி போகும்போது மந்திரி மேலே நிற்பாராம், இவர் மட்டும் அடியில் போய் நின்றுகொள்வாராம். "சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு" என்றார் அத்தை, மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்துக்கொண்டே.

இத்தனை களேபரத்திலும் நாற்காலியை விட்டு நகராமல் இருந்தது சிவகாசி அக்கா ஒருத்தர்தான். மாமா அவரிடம் போய், "நீங்க ஒருத்தங்கதாம்மா நிலைமையைப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று கைகூப்பினார். கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தேன் என்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார். மாமாவிடம் சொல்லவில்லை.

நேற்று அக்காவிடமிருந்து மெசேஜ்: "அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டு பால்கனியில டீ. மாமாவைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க, தாங்குமான்னு பாத்துச் சொல்லட்டும்." கிண்டல்தான். கூடவே நாக்கை நீட்டுகிற பொம்மை. மாமாவுக்குப் பொம்மை புரியவில்லை. பால்கனியின் நீள அகலத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கச் சொல்கிறார்.