வாஸ்பெர்க்கும் நூற்றில் ஒரு விநாடியும்

1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், மேடு பள்ளமான பனித் தடத்தில் நடக்கும் ஆடவர் 15 கிலோமீட்டர் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியை ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் வாஸ்பெர்க் 41 நிமிடம் 57.63 விநாடியில் முடித்தார். ஃபின்லாந்தின் யுஹா மியேட்டோவுக்கு ஆனது 41 நிமிடம் 57.64 விநாடி. மூன்றாவதாக வந்த நார்வேக்காரர் ஓவே அவ்ன்லி, இவர்கள் இருவருக்கும் அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். வாஸ்பெர்க் என்றாலே உலகம் இந்த நூற்றில் ஒரு விநாடியைத்தான் சொல்கிறது. நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற ஒருவருடைய விளையாட்டு வாழ்க்கையை இப்படி ஒரே வரியில் சுருக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பனியே விழாத ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், கடிகாரம் பிடித்த தகுதி ஒன்றுதான். தொண்டிப் பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வட்டார, மாவட்டத் தடகளப் போட்டிகளில் கழுத்தில் கயிறு போட்டு ஸ்டாப் வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, எல்லைக்கோட்டுக்குப் பக்கவாட்டில் படிக்கட்டுப் பலகையில் மற்ற நேரக்காப்பாளர்களோடு உட்கார்ந்திருப்பது என் வழக்கமான வேலையாக இருந்தது. ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும்போது, ஓட்டத்தைத் தொடங்கிவைக்கக் கிளாப்பர் தட்டும் ஓசை எங்கள் காதுக்குச் சரியாக வந்து சேராது. ஆகவே ஓசையை நம்பாமல், அந்த இரண்டு பலகைகளும் ஒன்றோடொன்று சேர்வதைக் கண்ணால் பார்த்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் இடத்துக்கு மூன்று கடிகாரங்கள் ஓடும். மூன்றும் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் உள்ள நேரத்தை எடுத்துக்கொள்வோம். அதையும் அப்படியே எழுத மாட்டோம், அடுத்த பத்தில் ஒரு விநாடிக்கு ஏற்றித்தான் எழுதுவோம். கையால் எடுத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்கைப் பற்றிப் பேசுவது வீண் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

லேக் பிளாசிடில் இருந்தது மின்னணுக் கடிகாரம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அங்கே ஓடியவர்கள் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக வந்து சேர்ந்தவர்கள் அல்லர் என்பதுதான் இங்கே முக்கியம். அந்தக் காலத்து 15 கிலோமீட்டர் போட்டியில் வீரர்களை அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். கடைசி ஆளும் வந்து சேர்ந்த பிறகு நேரங்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கிளம்பி, கடலில் மிதக்கவிட்ட அடையாளத்தைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வரும். எந்த வள்ளம் முந்தியது என்பதைக் கரையில் நிற்கும் ஊரே பார்த்துவிடும் என்பதால் கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. வாஸ்பெர்க் மியேட்டோவை முந்தியதை மட்டும் ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. 15 கிலோமீட்டரை 42 நிமிடத்துக்குள் கடப்பவர் விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் போகிறார். அந்தக் கணக்கில் நூற்றில் ஒரு விநாடி என்பது 6 சென்டிமீட்டர். அந்த 6 சென்டிமீட்டர் தடத்தின் எந்த இடத்திலும் இருந்ததில்லை. கணக்குத் தாளில் மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகு பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு இந்த விளையாட்டில் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி வரை மட்டுமே கணக்கிடுவது என்று முடிவெடுத்தது. என்னிடம் பயிற்சி பெற்று இப்போது தானே பயிற்சியாளராக இருக்கும் மாணவனிடம் இதைச் சொன்னபோது, அவன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, “அப்படின்னா ரெண்டு பேருக்குமே 57.6 தானே சார்? ரெண்டு பேருக்கும்ல தங்கம் குடுத்திருக்கணும்?” என்று கேட்டான். எங்கள் மைதான முறைப்படி மேலே ஏற்றி எழுதினாலும் இருவருக்கும் 57.7 தான் வரும். எந்த வழியில் போட்டாலும் சமம்தான்.

இதே எண்ணம் வாஸ்பெர்க்குக்கும் இருந்திருக்கிறது. இரண்டு பதக்கங்களையும் வெட்டி, பாதி தங்கமும் பாதி வெள்ளியுமாக ஒட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம் என்று அவர் மியேட்டோவிடம் சொன்னதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. மியேட்டோவின் நிலை எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. தாடியும் ஏறத்தாழ ஆறரை அடி உயரமுமாக எங்கே நின்றாலும் தனியாகத் தெரியும் அந்த மனிதர், 1972-இல் சப்போரோவில் இதே 15 கிலோமீட்டரில் வெண்கலத்தை 0.06 விநாடியில் தவறவிட்டவர். லேக் பிளாசிடில் 50 கிலோமீட்டரிலும் அவருக்கு வெள்ளிதான் கிடைத்தது. பின்னாளில் அவர் ஃபின்லாந்து நாடாளுமன்ற உறுப்பினரானார்.

வாஸ்பெர்க் 1956 மார்ச் 27 அன்று, ஸ்வீடனின் மேற்கில் நார்வே எல்லையை ஒட்டிய வெர்ம்லாந்து மாகாணத்தின் லென்னார்ட்ஸ்ஃபோர்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். லேக் பிளாசிடில் அவருக்கு 24 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1982-இல் ஆஸ்லோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அவர் 50 கிலோமீட்டர் தங்கத்தை வென்றார். ஹோல்மென்கோலன் என்ற அந்த மலைத் தடம் நார்வேக்காரர்கள் தங்கள் சொத்தாகவே கருதும் இடம். அங்கே ஒரு ஸ்வீடன்காரர் 50 கிலோமீட்டரை வெல்வது என்ன கனமுள்ள செய்தி என்பதை அந்த நாட்டவர்களிடம் கேட்டால்தான் தெரியும். என் பார்வையில் வாஸ்பெர்க்கின் உண்மையான கதை தொடங்குவது லேக் பிளாசிடில் அல்ல, இங்கேதான்.

50 கிலோமீட்டர் என்றால், ராமநாதபுரத்தில் கிளம்பி பாம்பன் பாலத்தைத் தாண்டிவிடும் தூரம். அதைக் காட்டு மேட்டிலும் பள்ளத்திலும், கால்விரல் பக்கம் மட்டும் பிணைக்கப்பட்ட மெல்லிய பலகைகளில், இரண்டு கைகளாலும் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். 1984-இல் சராயெவோ ஒலிம்பிக்கில் வாஸ்பெர்க் இந்தத் தூரத்தை 2 மணி 15 நிமிடம் 55.8 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம் அது. 4.9 விநாடி பின்னால் வந்து வெள்ளி வாங்கியவர், அதே ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் தங்கத்தை வென்றிருந்த, அவருடைய நாட்டுக்காரரே ஆன குண்டே ஸ்வான். ஸ்வானுக்கு அப்போது 22 வயது. அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய வீரராக வளர்ந்துகொண்டிருந்தவர். இரண்டே கால் மணி நேரம் ஓடி, அப்படிப்பட்டவரை ஐந்து விநாடிக்கும் குறைவான இடைவெளியில் வெல்வதை அதிர்ஷ்டம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எந்த மேட்டில் மூச்சைச் செலவிடலாம், எந்த இறக்கத்தில் மீட்கலாம் என்பதை உடம்பு மணிக்கணக்கில் கணித்துக்கொண்டே இருந்தால்தான் அது நடக்கும். நெடுந்தூர ஓட்டக்காரர்களைத் தயார்செய்தவன் என்ற முறையில் எனக்கு அந்த 4.9 விநாடி, 0.01 விநாடியைவிடப் பெரிய வியப்பு.

அந்த ஆண்டுகளில் விளையாட்டே மாறிக்கொண்டிருந்தது. பலகைகளை இணையான தடங்களில் முன்னும் பின்னுமாக நகர்த்தும் பழைய முறை போய், ஐஸ் ஸ்கேட்டிங் செய்பவர்களைப் போலப் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளும் முறை பரவியது. 1985-இல் சீஃபெல்டில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி பெரும்பாலும் உதைமுறைப் போட்டியாகவே ஆகிவிட்டது. பிறகு கூட்டமைப்பு, பழைய முறைக்கு ஒரு வகை, கட்டற்ற முறைக்கு ஒரு வகை என்று போட்டிகளைப் பிரித்தது. இப்படிப்பட்ட மாற்றத்தில் முந்தைய தலைமுறைக்காரர்கள் காணாமல் போவதுதான் வழக்கம். வாஸ்பெர்க் காணாமல் போகவில்லை. 1987-இல் ஓபர்ஸ்டோர்ஃபில், 30 வயதில், பழைய முறையில் நடந்த 30 கிலோமீட்டரில் உலகச் சாம்பியனானார். புதிய முறையிலோ அவர் பெயரே நிலைத்துவிட்டது: காலை உதைக்கும் ஒவ்வொரு முறையும் இரு கோல்களையும் சேர்த்து ஊன்றும் நடையை ஃபின்லாந்துக்காரர்கள் ‘வாஸ்பெர்க்’ என்றே அழைக்கிறார்கள். மியேட்டோவின் நாட்டுக்காரர்கள்தான் இப்படி அழைக்கிறார்கள் என்பது வேடிக்கை. இரண்டு உதைக்கு ஒரு முறை ஊன்றும் நடைக்கு, அதே காலத்து ஸ்வீடன் வீரர் டோர்க்னி மோக்ரெனின் பெயர்.

வாஸ்பெர்க், மோக்ரென், யான் ஒட்டோசன் மூவரும் யெம்ட்லாந்து மாகாணத்தில் ஓசர்னா என்ற சின்னஞ்சிறு ஊரின் கழகத்துக்காக ஓடியவர்கள். 1984-இல் 4×10 கிலோமீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் வாஸ்பெர்க்கும் ஒட்டோசனும் இருந்தார்கள். 1988-இல் கல்கரி ஒலிம்பிக்கில் ஸ்வானோடு சேர்ந்து ஓடித் தங்கம் வாங்கிய மற்ற மூவரும் ஓசர்னாக்காரர்களே. ஒரு கிராமத்துக் கழகம் ஒலிம்பிக் அணியின் முக்கால் பங்கைக் கொடுத்தது என்பதைப் படித்தபோது, ஒரே தெருவிலிருந்து மாவட்டக் கபடி அணிக்குப் பாதிப் பேர் போன எங்கள் ஊர்க் காலம் நினைவுக்கு வந்தது. வாஸ்பெர்க்கின் நான்காவது ஒலிம்பிக் தங்கம் அது. அதோடு அவருடைய ஒலிம்பிக் பயணம் முடிந்தது.

ஸ்வீடனில் ஆண்டின் சிறந்த விளையாட்டுச் சாதனைக்கு ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் என்ற நாளிதழ் ஒரு தங்கப் பதக்கம் தருகிறது. 1980-ஆம் ஆண்டுக்கான அந்தப் பதக்கத்தை வாஸ்பெர்க் வாங்க மறுத்தார். 1978-இல் 50 கிலோமீட்டரில் உலகச் சாம்பியனான ஸ்வென்-ஓகே லுண்ட்பெக்குக்கு அதைத் தரவில்லையே என்பது அவருடைய கோபம். மியேட்டோ 0.06 விநாடியில் வெண்கலத்தை இழந்த அந்தச் சப்போரோப் போட்டியில் தங்கம் வென்றவர் இந்த லுண்ட்பெக்தான். மறுத்த பதக்கத்தை வாஸ்பெர்க் 2013-இல் பெற்றுக்கொண்டார். வாங்காமலே விட்டிருந்தால் இன்னும் பெருமை என்பது என் மாணவனின் கட்சி. வாங்கியதில் எனக்குக் குறை தெரியவில்லை. பதக்கத்தில் இருக்கும் ஆண்டைப் பற்றித்தான் என் வழக்கு: கொடுப்பதாக இருந்தால் 1982-க்கோ 1984-க்கோ அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?