துடைத்தால் போகாத கறை

ஐப்பசி அடைமழையில் கண்ணாடி ஷீட்டுகளைப் பெட்டியில் வரவழைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஷீட்டில் கறை தெரிந்தால் உடனே கழுவிவிடாதீர்கள். லாரி ஆபீஸில் நஷ்டஈடு கேட்கும்போது அந்தக் கறைதான் உங்கள் பக்கத்துச் சாட்சி.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு முகப்புக்காக 5 மி.மீ. கண்ணாடி சொல்லியிருந்தேன். சென்னையிலிருந்து சரக்கு ஒழுங்காக வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது இங்கே லாரி ஆபீஸ் கிடங்கில். ஈரத் தரையில் பெட்டியை இறக்கி, தார்ப்பாயை இறுக்கிச் சுற்றிவிட்டார்கள். மேலிருந்து நனையாதாம்! அடியிலிருந்து ஏறிய ஈரத்தையும், பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ளே வியர்த்த நீரையும் யார் கேட்பது?

பெட்டியை இறக்க வந்த பையன், "மழை வருகிறது, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் அண்ணாச்சி" என்று அவசரப்படுத்தினான். எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் "பெட்டியின் அடிப்பாகம் நனைந்துள்ளது" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பிறகு என்னைக் காப்பாற்றியது அந்த ஒற்றை வரிதான்.

பிரித்தால், அடி ஓரத்திலிருந்து நீலமும் ஊதாவுமாக நிறம் மேலேறியிருந்தது. சில ஷீட்டுகளில் அதையும் தாண்டி வெண்படலம். இடையில் வைத்த தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது.

லாரி ஆபீஸ் மேனேஜர் சிரித்தார். "ஜன்னல் கண்ணாடியில் மழை படாமலா இருக்கிறது?" ஜன்னலில் பட்ட தண்ணீர் வழிந்து ஓடிவிடும் ஐயா; இரண்டு ஷீட்டுக்கு நடுவில் புகுந்தது எங்கே ஓடும்? அங்கேயே தேங்கி, கண்ணாடியில் உள்ள சோடியத்தை இழுத்துக் காரமாகிறது. அந்தக் காரம் கண்ணாடியையே அரிக்கிறது. அதனால்தான் ஷீட்டுகளுக்கு இடையே லேசான அமிலம் கலந்த பவுடரைத் தூவி அனுப்புகிறார்கள். ஓரளவு ஈரத்துக்கு அது போதும், ஊறிக் கிடந்தால் போதாது.

நம்பாமல் ஆளை அனுப்பினார். வந்தவர் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். கண்ணாடி பளிச்சென்று ஆனது. "பார்த்தீர்களா, வெறும் அழுக்கு!" நான் பேசாமல் ஃபேனைப் போட்டேன். ஈரம் உலர உலர, துடைத்த இடத்தில் அதே வெண்மை ஓரத்திலிருந்து திரும்பி வந்தது. அவர் மறுபடி துடைத்தார், மறுபடி வந்தது. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேனேஜரிடம் பேசுவதாகச் சொல்லிப் போனார். அந்த நிமிடத்துக்காகவே அத்தனை அலைச்சலையும் மன்னிக்கலாம்.

வாயால் பேசி முடிக்காமல் எழுத்திலும் கொடுங்கள். சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007-ன்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. நோட்டீஸ் போன பிறகுதான் எனக்குப் பேரமே தொடங்கியது. முழுப்பணம் வரவில்லை, பாதிக்குச் சற்று மேல் வந்தது.

இப்போது எங்கள் கண்ணாடிக் கடையில் ஷீட்டுகள் ரப்பர் ஒட்டிய சாய்வு ஸ்டாண்டில், தரைக்கு மேலே, சுவரைத் தொடாமல் நிற்கின்றன. நனைந்து வரும் பெட்டியை அன்றே பிரித்து, ஷீட் ஷீட்டாகக் காய வைத்துவிடுகிறோம். இடையில் பழைய செய்தித்தாள் வைக்க விடுவதில்லை. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நிறம் மட்டும் பூத்த ஷீட்டைச் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி போட்டுத் தேய்த்துப் பார்க்கலாம், கூலி கட்டுப்படியானால். வெண்படலம் ஏறியவற்றைக் கறைப் பக்கம் மணல் ஊதி மங்கலாக்கி, குளியலறை ஜன்னலுக்கு விற்றுவிட்டேன்.