தலையாட்டியும் கமராவும்

"மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு எதற்குப் பயம்?" கண்காணிப்பைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. போன மாதம் திருகோணமலை உப்புவெளியில் என் சித்திர வகுப்புப் பிள்ளைகளின் படங்களை ஒரு சின்ன மண்டபத்தில் மாட்டி, மாலையில் கலந்துரையாடலும் வைத்தோம். அங்கேயும் ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர் எழுந்து இதையேதான் கேட்டார். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். சந்திக்குச் சந்தி கமரா வந்தால் ஐஸ் போதைப்பொருள் விற்கிறவன் பிள்ளைகளை நெருங்க மாட்டான் என்பது அவருடைய வாதம்.

நான் வாயெடுக்க முன்னமே, மூதூரிலிருந்து மகளைக் கூட்டி வந்திருந்த ஒரு அக்கா சொன்னார்: "சேர், எங்கட அண்ணனிட்டயும் மறைக்க ஒண்டும் இருக்கேல்ல. தலையாட்டி தலையை ஆட்டினான், கொண்டு போனாங்கள். பிறகு ஆள் வரவேயில்ல."

பின்வரிசைப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தலையாட்டி யாரென்றே தெரியவில்லை. இதை வாசிக்கிற இளையவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். சுற்றிவளைப்பு நாட்களில் ஊரையே பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரச் சொல்லி, வெயிலில் வரிசையாக விடுவார்கள். வரிசையின் முடிவில் ஜீப்புக்குள் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராகப் போய் அவன் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். தலை ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் ட்ரக். ஏன் ஆட்டினான்? பழைய கோபமா, வாங்கிய அடிக்குப் பயந்தா, ஆள் மாறிப் போச்சா? கேட்கவும் முடியாது, கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

முகமறி மென்பொருள் செய்கிற வேலையைப் படித்தபோது எனக்கு அந்த ஜீப்தான் ஞாபகம் வந்தது. கமராவில் விழுகிற முகத்தை அது எண்களாக மாற்றி, ஏற்கெனவே சேர்த்து வைத்த முகங்களோடு ஒப்பிடுகிறது. ஒற்றுமை ஒரு அளவைத் தாண்டினால் 'இவன்தான்' என்கிறது. அந்தப் பட்டியலில் யார் யாருடைய முகம், அந்த அளவை வைத்தது யார் என்பது வரிசையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பொலிஸார் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, மனைவி பிள்ளைகள் பார்த்திருக்க, வீட்டு வாசலில் வைத்துக் கைது செய்தார்கள். மணிக்கூடு திருடிய வேறு யாரோ ஒருவருடைய மங்கலான படத்துக்கு மென்பொருள் அவர் முகத்தைக் காட்டியிருந்தது. அவர் மறைத்தது எது? ஒன்றுமே இல்லை.

வகுப்பில் இதைப் படமாகச் செய்து பார்த்தோம். அடம் ஹார்வி என்ற அமெரிக்கக் கலைஞர் 2010இல், முகத்தில் தீட்டும் வண்ணத்தாலும் தலைமயிர் அலங்காரத்தாலும் கமராவின் முகங்கண்டறியும் வேலையைக் குழப்ப முடியும் என்று காட்டியவர். அந்தக் காலத்து மென்பொருள் கண்குழியின் இருட்டையும் மூக்குத்தண்டின் வெளிச்சத்தையும் வைத்துத்தான் முகத்தைப் பிடித்தது. அந்த ஒழுங்கைக் கலைத்தால் அதற்கு முகம் முகமாகத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் கூத்துக்குப் பூசுகிற வெள்ளையையும் கரியையும் எடுத்தார்கள். ஒருத்தி மூக்குத்தண்டில் கறுப்புப் பட்டை இழுத்து, ஒரு கன்னத்தை முழுதாக வெள்ளையாக்கி, மயிரை ஒற்றைக் கண்ணின் மேல் விட்டாள். போனைத் தூக்கிப் பிடித்தோம். திரையில் மஞ்சள் சதுரம் ஒருகணம் அலைந்துவிட்டு அவள் முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடி, தொப்பி, இன்னும் கரி, எதுவும் சரிவரவில்லை. இன்றைய மென்பொருள் கோடிக்கணக்கான படங்களில் பயின்றது. அரிதாரம் அதற்குப் போதாது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பூச்சால் தப்ப முடியாது, சட்டம்தான் வேண்டும் என்று அவர்களாகவே சொன்னபோது எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது.

பங்களாதேஷில் பிறந்த ஹசன் இலாஹியின் கதையும் அவர்களை உலுக்கியது. 2002இல் அமெரிக்கா திரும்பியவரை விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். வாடகை அறையில் வெடிபொருள் வைத்திருந்தார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் விசாரணை, பொய் கண்டறியும் சோதனை எல்லாம் முடிந்து குற்றமில்லை என்றார்கள். அதன் பிறகு அவர் தன் வாழ்க்கையைத் தானே இணையத்தில் திறந்து வைத்தார். இருக்கிற இடம், சாப்பிட்ட சாப்பாடு, போன கழிப்பறை என ஆயிரமாயிரம் படங்கள், ஆனால் எதிலும் அவர் முகம் கிடையாது. நான் மிகவும் மதிக்கிற வேலை அது. இருந்தாலும் திருகோணமலையில் ஒரு பிள்ளையை அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். அவர் அமெரிக்கக் குடிமகன், பல்கலைக்கழகப் பேராசிரியர். மன்னாரின் கவிஞர் அஹ்னாஃப் ஜசீம் தமிழில் கவிதை எழுதிவிட்டு 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனவர். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், வழக்கிலிருந்து விடுதலையானது 2023 டிசம்பரில்.

அமெரிக்க உளவு நிறுவனத்தின் இரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் 2013 ஜூனில் வெளியே கொண்டுவந்த முதல் ஆவணத்தில் யாருடைய பேச்சும் இல்லை. யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்ற விபரத்தை மட்டும் ஒரு தொலைபேசி நிறுவனம் நாள்தோறும் கொடுக்க வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு அது. சந்தேகப்பட்டவர்களுடையது மட்டுமல்ல, எல்லோருடையதும். எங்கள் ஊரில் யார் யாரோடு கதைத்தார் என்பதற்காக மட்டுமே எத்தனை பேர் விசாரணைக்கு அலைந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, அதன் பாரத்தை விளக்கத் தேவையில்லை.

சரி, பாதுகாப்பு? 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அந்த அதிபரும் எடுத்துச் சொன்னார். நியாயமான கவலைதான். ஆனால் அன்று தகவல் குறையவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. வந்ததை வைத்து நடவடிக்கை எடுக்காததற்குத்தான் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

எங்கள் துறைமுகத்தைப் பற்றி அரசுகள் தங்களுக்குள் மிகக் கவனமாக எழுதி வைத்திருக்கின்றன. 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவத்துக்கும் விடக்கூடாது என்றும், இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் உளவுக்குப் பயன்படக்கூடாது என்றும் இருக்கிறது. இங்கே ஜெர்மன் வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் இருந்த காலம் அது. அரசை அரசு ஒட்டுக்கேட்கக்கூடாது என்பதில் இவ்வளவு அக்கறை. குடிமகனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று எங்கள் அரசியலமைப்பில் நேரடியாக ஒரு வரி கிடையாது. 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியவை, தள்ளிப்போடப்பட்டன. அதற்குள், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்துவிட்டது, இந்தியாவின் உதவிப் பணத்தோடு டிஜிட்டல் அடையாள அட்டைக்கும் வேலை நடக்கிறது. காக்கிற சட்டம் பின்னால் வரட்டும், சேர்க்கிற வேலை முன்னால் நடக்கட்டும் என்ற இந்த ஒழுங்கை நான் எதிர்க்கிறேன்.

கலந்துரையாடலுக்குப் பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினோம். எங்கள் சந்தியில் பூட்டிய கமராக்களின் பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது? எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? யார் யார் பார்க்கலாம்? முகமறி மென்பொருள் அதோடு இணைக்கப்பட்டிருக்கிறதா? 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன். வராவிட்டால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.