முதல் கையடக்க ஜிபிஎஸ்: வரைபடமும் மென்பொருளும்

ஒளித்துவைக்கப்பட்ட பெட்டிகளை ஜிபிஎஸ் உதவியுடன் தேடும் விளையாட்டான ஜியோகேச்சிங்கிற்காக முதன்முதலாகக் கையடக்க ஜிபிஎஸ் வாங்குபவர்கள், கருவியின் விலையை ஒப்பிடுவதில் செலுத்தும் கவனத்தில் பாதியையாவது வரைபடத்திற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கருவியுடன் வரும் அடிப்படை வரைபடத்தில் பெரும்பாலும் முக்கியச் சாலைகளும் பெரிய ஊர்களும் மட்டுமே இருக்கும். ஒளித்துவைக்கப்பட்ட பெட்டி ஓடைக்கு அக்கரையில் இருக்கிறதா, செங்குத்தான சரிவின் மேலே இருக்கிறதா என்பதை அது காட்டாது. சமஉயரக் கோடுகளும் ஒற்றையடிப் பாதைகளும் கொண்ட வரைபடமே இதற்கு உதவும். 2004இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுகளைக் கொண்டு ஆர்வலர்கள் உருவாக்கிய வரைபடங்கள் கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ் கருவிகளுக்கு இலவசமாகவே கிடைப்பதால், பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் அவற்றை ஏற்றிப் பார்ப்பது நல்லது. (நினைவக அட்டை செருகும் வசதி எல்லா மாதிரிகளிலும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.)

பெட்டிகளின் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருளுக்கு முதல் தகுதி ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் தரவுகளைப் பரிமாறப் பயன்படும் வடிவம்) கோப்பைக் கையாள்வதே; ஆயத்தொலைவுகளோடு பெட்டியின் விவரம், துப்பு, முன்பு தேடியவர்களின் பதிவுகள் ஆகியவற்றையும் அந்தக் கோப்பில் சேர்த்தே கொண்டுசெல்ல முடியும். ஏராளமான பெட்டிகளை வடிகட்டிப் பிரிக்க விரும்புபவர்களுக்கு ஜிஎஸ்ஏகே என்ற கணினி மென்பொருள் மிகவும் பொருத்தமானது. புறப்படும் முன், கருவியின் அமைப்புகளில் டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆதாரத்தளமும் (ஆயத்தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் புவி மாதிரி), டிகிரியும் தசம நிமிடமும் கொண்ட ஆயத்தொலைவு வடிவமும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனவா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.